பள்ளிக்கூட பாண்டில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

பள்ளிக்கூடம் திறந்த கையோடு ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. மகன் ஏழாவது படிக்கிறானாம். பள்ளிக்கூட பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். "படிப்பு கெட்டுப் போகாதா? எவ்வளவு செலவாகும்? உடம்பு தாங்குமா?" என்று மூன்று கேள்வி கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மூன்று கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தவள் நான்.

என் மகள் அப்போது ஏழாவது. ஒரு சாயங்காலம் புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஒரு தாளை நீட்டினாள். "பாண்டுல சேத்துக்கறாங்கம்மா. பெற்றோர் சம்மதம் வேணுமாம். கையெழுத்துப் போடு." அவள் கேட்டது சைடு டிரம். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர். "நைட் ஷிப்டு முடிச்சு வந்து படுக்கற நேரத்துல வீட்ல டமடமன்னு அடிச்சா நான் எங்க போறது?" என்றார். மாமியார் சொன்னது வேறு. "கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடிக்கறவங்க வேலை அது. நம்ம வூட்டுப் பொண்ணு அத்தத் தோள்ல மாட்டிக்கினு ரோட்ல போவணுமா?"

நானும் ஒன்பதாவது படிக்கும்போது டிரம் அடிக்க ஆசைப்பட்டவள்தான். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றைக்கு அழுதது இன்றைக்கும் மறக்கவில்லை. அதனால்தான் மகள் கொடுத்த தாளை உடனே கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, கையெழுத்துப் போடவும் தைரியம் வரவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மாமியார் பேச்சுக்கு முதலில் வருகிறேன். இது பல வீடுகளில் வெளியே சொல்லாமல் மனசுக்குள் இருக்கும் தடை. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) இளவயதில் மணலியில் இருந்தவர். மணலி எங்கள் ஊரிலிருந்து சென்னை போகும் திசைதான். அங்கே ஆதரித்த முதலியார் குடும்பத்தார் அழைத்துக்கொண்டு போய், புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாசிப்பைக் கேட்க வைத்தார்கள். அந்த மெட்டுக்களுக்கே அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவைதான். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் (1949-2019) நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை. மைசூர் அரண்மனை பாண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டுத்தான் அதன் மேல் பைத்தியமானார். தீட்சிதர் கேட்டு ரசித்ததை நம் பெண் தோளில் மாட்டினால் என்ன குறைந்துவிடும் என்று மாமியாரிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் முணுமுணுப்பும் இல்லை.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிப்பவர்கள் என்று இளக்காரமாகச் சொல்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டரே முகூர்த்த நாட்களில் கல்யாண பாண்டில் டிரம்பெட் வாசிப்பவர்தான். அந்த மனிதரின் பொறுமை எனக்கு வராது. இதில் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. ஆகஸ்டு 15க்கு முந்தின நாட்கள் ஆடி மாசம். கல்யாணம் கிடையாது. மாஸ்டர் தினமும் வருவார், பயிற்சி பலமாக நடக்கும். ஜனவரி 26 தை மாசத்தில் வருகிறது. அப்போது அவருக்கு வரிசையாக முகூர்த்தம். பயிற்சி நாலு நாள் இல்லாமலிருந்து ஐந்தாம் நாள் இரண்டு மணி நேரம் நடக்கும். தையில் உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் இருந்தால் முன்கூட்டியே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி எந்த வாத்தியம் என்ற கேள்வி. பிள்ளை டிரம்பெட் கேட்டால் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பல் ஆடிக்கொண்டிருந்தாலோ, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாலோ ஊது வாத்தியம் உதட்டை அழுத்திப் புண்ணாக்கும். பல் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேர்ப்பது நல்லது. பியூகிள் பார்க்கச் சின்னது, ஆனால் சுலபமில்லை. அதில் அழுத்துவதற்குக் கட்டை ஒன்றுமே கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரத்தை மாற்ற வேண்டும். இளைப்பு இருக்கும் பிள்ளை ஊதவே கூடாது என்று நாமே முடிவு கட்டிவிட வேண்டாம், டாக்டர் சொல்லட்டும். பெரிய டிரம் தூக்க வயசுக்கு மீறிய உடல்வாகு வேண்டும். அணி முழுவதும் நடப்பது அதன் அடியில்தான். இடது கால் தரையில் படும்போது பெரிய டிரம்மின் அடி விழ வேண்டும். அது தப்பினால் நாற்பது பிள்ளைகளின் காலும் தப்பும். சைடு டிரம்முக்கு வேண்டியது பலமல்ல, பொறுமை. முதல் இரண்டு மாசம் என் மகள் டிரம்மைத் தொடவே இல்லை. குச்சியை வைத்துக்கொண்டு வலது, இடது, வலது, இடது என்று பெஞ்சில் தட்டியதுதான்.

தட்டுகிற சத்தத்துக்கு வழி கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்! எங்கள் ஊர் நெடுஞ்சாலை ஓரத்து ஊர். செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. ஒரு கடையில் பழைய லாரி ட்யூப் துண்டு வாங்கி வந்து, சின்னப் பலகையில் இழுத்து ஆணியடித்துக் கொடுத்தார். அதில் அடித்தால் குச்சி டிரம்மில் எழும்புகிற மாதிரியே எழும்புகிறது, சத்தம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லை. தூக்கம் கெடும் என்று சொன்னவர்தான்.

செலவு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். டிரம்மும் டிரம்பெட்டும் பள்ளிக்கூடத்துடையவை. பிள்ளை ஆசைப்படுகிறதே என்று முதல் வருஷமே சொந்தமாக வாங்கிவிடாதீர்கள். ஆறு மாசத்தில் வேறு ஆசை வந்துவிட்டால் அது பரண்மேல் தூங்கும். நாம் வாங்க வேண்டியது ஒரு ஜோடி குச்சி, வெள்ளை கேன்வாஸ் ஷூ, உடுப்பு. இந்த உடுப்பு விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். முதல் வருஷம் துணிக்கும் தையலுக்கும் என்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ரசீது இல்லை. தைத்து வந்த பாண்டு என் மகளுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் நின்றது. பிரித்து விடலாம் என்றால் உள்ளே மடிப்பே விடவில்லை. யார் வாங்கினார்கள், யார் தைத்தார்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அடுத்த வருஷம் நாங்கள் நாலு அம்மாமார் சேர்ந்து, துணியை நாங்களே வாங்கி, கீழே இரண்டரை அங்குல மடிப்பும் பக்கத்தில் ஒரு அங்குலமும் விட்டு எங்கள் தெரு டெய்லரிடம் தைத்தோம். இரண்டு வருஷம் வந்தது. உங்களிடம் பணம் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இன்னொன்று. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளை பாண்டு வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். அந்த மூன்று நாளில் வெள்ளை உடுப்போடு மைதானத்தில் இரண்டு மணி நேரம் நிற்கும் பிள்ளைக்குக் கவனம் தாளத்தில் இருக்குமா? நாங்கள் சொன்னபோது டிரில் மாஸ்டர் முகம் சிவந்து எங்கோ பார்த்தார். ஆனால் அடுத்த வருஷம் கருநீலத்துக்கு மாற்றினார்கள்.

முதல் வருஷம் ஆகஸ்டு மாதம் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒத்திகை காலை ஏழு மணிக்கு. நான் மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலியோரம் நின்றிருந்தேன். அரை மணி ஆகியிருக்கும். கொடிக்கு வணக்கம் என்று எல்லோரும் அசையாமல் நின்ற சமயத்தில், சிம்பல் வைத்திருந்த ஒரு பெண் அப்படியே சாய்ந்துவிட்டாள். சிம்பல் இரண்டும் கல்லில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய் நிழலில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, தெளிந்ததும் தண்ணீர் கொடுத்தேன். "காலையில் என்ன சாப்பிட்டே கண்ணு?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். என் மகள் வகுப்புதான். அப்பா பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவர். அம்மா விடியுமுன் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு ரயிலேறி விற்கப் போகிறவர். ஆறு மணிக்கு இந்தப் பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பே மூட்டியிருக்காது. பள்ளிக்கூடத்தில் மதியம்தான் சாப்பாடு. பாண்டுப் பயிற்சி காலையில் இருக்கிறது என்று வைத்தவர்கள், பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்து எதைச் சாப்பிட்டுவிட்டு வரும் என்று யோசிக்கவே இல்லை. அவர்களைச் சொல்லி என்ன, அன்றைக்கு வரை நானும் யோசிக்கவில்லை.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டு அடித்துக்கொள்ளாமல், யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். பல தலைமுறையாக நடப்பது. நாங்களும் சாப்பாட்டுக்கு ஒரு பாடு போட்டுக்கொண்டோம். பயிற்சி நாளில் ஒரு வீட்டார் என்று முறை. இட்லி, கேழ்வரகுக் கூழ், அவித்த கடலை, எது முடிகிறதோ அது. ஏழு மணிக்கு முன்னால் பிள்ளைகள் வயிற்றில் கொஞ்சமாவது விழ வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குப்பத்து அம்மாவும் தன் முறையை விட்டுக் கொடுக்கவில்லை. முதல் நாள் ராத்திரியே புட்டு அவித்துத் தூக்கில் போட்டு மகளிடம் கொடுத்தனுப்புவார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புட்டுக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்.

நின்றபடியே மயங்கி விழுவதற்குப் பசி மட்டும் காரணமில்லை. முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலைக்குப் போவது குறைந்துவிடும். ஷூவுக்குள்ளேயே கால் விரல்களை மடக்கி மடக்கி விரிக்கவும், முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்கவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வெளியே தெரியாது. கண் இருட்டினால் வெட்கப்படாமல் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். எங்கள் பக்கம் ஆகஸ்டில்கூட வெயில் உறைக்கும். உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ பாட்டிலில் இருக்கட்டும்.

காதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 100 டெசிபல் என்றால் கால் மணி நேரமே அதிகம் என்பது காது விஷயத்தில் சொல்லப்படும் கணக்கு. மூடிய வகுப்பறைக்குள் டிரம்மும் டிரம்பெட்டும் சேர்ந்து முழங்கினால் இந்த எல்லையைத் தாண்டிவிடும். பயிற்சியை மைதானத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மழை நாளில் வகுப்பறைக்குள்தான் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பானை வாங்கிக் கொடுங்கள். சாதாரணப் பஞ்சு போதாது. வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்கிறது என்று பிள்ளை சொன்னால், அசட்டையாக விடாமல் அடுத்த நாள் மாஸ்டரிடம் பேசுங்கள்.

ஊது வாத்தியத்தின் வாய்ப்பகுதியை ஒரு பிள்ளை ஊதிவிட்டு அப்படியே அடுத்த பிள்ளையிடம் கொடுக்கும். சளி, இருமல், வாய்ப்புண் எல்லாம் சுற்றிச் சுற்றி வரும். அதை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு, சின்ன பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். முடிந்தால் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது உத்தமம். டிரம் பட்டை கழுத்தை அறுக்கிறது என்றால் அடியில் கைத்துண்டை மடித்து வையுங்கள். எங்கள் ஏரிக்காற்றில் உப்பு அதிகம். டிரம் திருகாணிகள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கும் வேலையை என் மகளே எடுத்துக்கொண்டாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவ மாட்டாள், அது வேறு கதை.

படிப்பு? முதல் இரண்டு மாசம் கணக்கில் மார்க்கு குறைந்தது உண்மை. பிறகு தானாகவே சரியாயிற்று. காலைப் பயிற்சி இருப்பதால் ராத்திரி சீக்கிரம் படுத்து, சீக்கிரம் எழுந்து பழகியதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். பாண்டால் மூளை வளரும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முன் எத்தனை நாள் பயிற்சி நிறுத்துவார்கள், பத்தாவதில் தொடரலாமா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். நடுவில் திடீரென்று நிறுத்தினால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் நஷ்டமில்லை. வரிசையில் ஒரு ஓட்டை விழும், பக்கத்துப் பிள்ளைக்குத் தாளம் தடுமாறும்.

இதனால் பின்னால் பிரயோஜனம் உண்டா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்காகவே சேர்க்காதீர்கள். ஆனால் வழி இல்லாமலும் இல்லை. தேசிய மாணவர் படையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாண்டு உண்டு. ராணுவம், போலீஸ் எல்லாவற்றிலும் வாத்தியக் குழு இருக்கிறது. 2022இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் கடற்படையும் விமானப்படையும் இசைக்கலைஞர்களுக்கென்றே தனியாக ஆள் எடுக்கின்றன, பெண்களும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் கல்வி, பாதுகாப்பு அமைச்சகங்கள் சேர்ந்து குடியரசு தினத்தை ஒட்டிப் பள்ளிக்கூட பாண்டுகளுக்குத் தேசியப் போட்டி நடத்துகின்றன. அதில் பெண் பிள்ளைகளுக்கு என்றே தனிப் பிரிவுகள் உண்டு. நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. வாத்தியம் வாசிக்கும் பிள்ளைகளுக்கு அதிலும் இடம் இருக்கிறது. ராஜஸ்தானில் பிலானி என்ற ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூட பாண்டு டில்லி குடியரசு தின அணிவகுப்பிலேயே நடந்து பேர் வாங்கியது. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கேள்வி குப்பத்திலும் வந்தது. எட்டாவது நடுவில் சிம்பல்காரப் பெண் பெரியவளானாள். சடங்கு முடிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், பாண்டுக்கு மட்டும் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு நானே போனேன். அவள் அம்மா வலையில் சிக்கெடுத்துக்கொண்டே பேசினார். "நீ சொல்றது எல்லாம் சரிதான்க்கா. வெடிகாலைல இருட்டுல அது தனியா நடந்து வருது. சின்னதா இருந்தப்போ ஒண்ணும் தோணல. இப்ப என் மனசு கேக்கல. நான் எந்நேரமும் கூடையோட ரயில்ல. யாரு கூட வர்றது?"

தீட்சிதர் கதையும் பிலானி கதையும் அங்கே செல்லவில்லை. ஊரார் பேச்சுக்கு அவர் பயப்படவில்லை. பயந்தது வழிக்கு. அதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை, பேசாமல் திரும்பினேன். ஜனவரி 26க்கு அவள் இடத்தில் ஆறாவது படிக்கும் ஒரு பையன் சிம்பல் பிடித்தான். அவள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தாளத்துக்குத் தானாக அசைந்தது.

அதற்குப் பிறகுதான் தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். காலைப் பயிற்சியைச் சாயங்காலம் நாலரைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம். அலைந்து அலைந்து கேட்டு, போன வருஷம் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலமாக மாற்றினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும். ஏரிக்கரைப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து நடந்து போகிறார்கள். இந்த ஒரு கேள்வியை நாங்கள் முதல் வருஷமே கேட்டிருக்கலாம். அந்தப் பெண் இப்போது பத்தாவது. இனி பாண்டு இல்லை.

அவள் தங்கை இந்த ஜூனில் ஆறாவதுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் அவர்கள் அம்மா மீன் கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். ஈரம் பட்டு ஓரம் கசங்கியிருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த எடத்துலக்கா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.